சாப்பாட்டுக்காகக் காத்திருந்த பில்டு

"நான் இதை மாட்டின பிறகு இந்த ஆபீஸ்ல ஒருத்தனும் கையால ஒரு ஃபைலைக்கூடக் கட்ட வேண்டாம். நான் கண்ணை மூடினாலும் அது பாட்டுக்கு ஓடும்!" என்று மேஸ்திரி நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கியது இரண்டு வருடங்களுக்கு முன்பு. நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததால் முழக்கத்தின் பிற்பகுதியை மேலாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிறைவு செய்தார்.

மேஸ்திரி செங்கல்லைத் தொட்டவர் அல்ல. புரோகிராமர்கள் எழுதிப் போடும் நூற்றுக்கணக்கான ஃபைல்களைச் சரியான வரிசையில் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே மென்பொருளாகக் கட்டித் தரும் கருவிக்கு அவர் அதிபதி. அந்தக் கட்டும் வேலைக்கு 'பில்டு' என்று பெயர்; அதனால் வந்த பட்டம். ஆதியில் அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வாக்கியம்: 'இது வேண்டுமென்றால் முதலில் அதைச் செய்.' வாயில்லாப் பூச்சி. மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. எந்தக் கட்டளையை வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு முழு ஸ்கிரிப்ட் மொழியையே அதன் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

எதையும் எழுதலாம் என்றால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் மழை வருமா என்று பார்க்க எழுதினார். ஒருவர் மனைவியின் பிறந்த நாளை ஞாபகப்படுத்த எழுதினார். சோதனைப் பிரிவு அண்ணன், அன்றைக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டரிங்காரரின் சர்வர் கம்ப்யூட்டருக்குச் சொல்லிப் பதில் வாங்க எழுதினார். எல்லாம் பில்டுக்குள்ளேயே.

இன்று காலை பத்து மணிக்கு மேஸ்திரியின் மனைவி போன் செய்தார். அவர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியன். அங்கே பைகளுக்கு லேபிள் அச்சடிப்பது இந்தக் கம்பெனி மென்பொருள்தான்.

"என்னங்க, உங்க புரோகிராம் பி பாசிட்டிவ் பைக்கு ஓ நெகட்டிவ்னு அடிக்குது. எல்லாத்தையும் பூட்டி வெச்சிட்டோம். கையால எழுதி ஒட்டவும் கூடாது. ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன் இருக்கு."

பிழை ஒரே ஒரு வரி. பத்தரைக்கே திருத்தியாயிற்று. பில்டு ஆரம்பித்தது, அப்படியே நின்றது. பதினொன்றரை வரை மூச்சில்லை. மேஸ்திரி வியர்க்க வியர்க்கத் தோண்டிப் பார்த்தார். அது சாப்பாட்டுக்காகக் காத்திருந்தது. பதில் சொல்ல வேண்டிய கேட்டரிங்காரர் முந்தின நாள்தான் சர்வரோடு கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்.

"அந்தச் சாப்பாட்டுப் பகுதியைப் பிடுங்கிப் போடுங்க," என்றார் மேலாளர்.

பிடுங்கினார். பில்டு நாலடி ஓடிக் குப்புற விழுந்தது. சாப்பாட்டு எண்ணிக்கையை யாரோ ஒரு புண்ணியவான் வேறு வேலைக்கும் வைத்திருந்தான். சரி, முப்பத்தேழு பேர் என்று மேஸ்திரி ஒரு பொய்யை ஊட்டினார். நாற்பதுக்குக் குறைந்தால் விடுமுறை நாள், விடுமுறை என்றால் முக்கியமில்லாத பகுதிகளை விட்டுவிடு என்று அந்தப் புண்ணியவான் எழுதியிருந்தான். லேபிள் பகுதி இல்லாமல் மென்பொருள் அழகாகக் கட்டி முடிந்தது. ஐம்பது பேர் என்று பொய்யைத் திருத்தி ஊட்டியதும், மழை வருமா என்று கேட்டுக்கொண்டு மறுபடி நின்றது.

"ஏண்ணே, இதையெல்லாமா இதுக்குள்ள எழுதுவாங்க?" என்றார் மேஸ்திரி.

"நீதானேய்யா என்ன வேணும்னாலும் எழுதலாம்னே! முதல்ல கை தட்டினவனே நான்தான்," என்றார் சோதனைப் பிரிவு அண்ணன்.

ஒரு மணிக்கு மனைவியிடமிருந்து மறுபடி போன். "ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கும்மா."

"குழாயை ரிப்பேர் பண்றேன்னு வீட்டையே குளமாக்கினப்பவும் இதே குரல்லதான் சொன்னீங்க." பிறகு அவர் குரல் தணிந்தது. "அந்தப் பொண்ணோட அம்மா கவுன்டர் முன்னாடியே நிக்கிறாங்க. எதுவும் கேக்கலை. என் முகத்தையே பாத்துட்டு இருக்காங்க."

மேஸ்திரி போனை வைத்தார். கருவியை மூடினார். ஒரு வெள்ளைத்தாளில் லேபிள் பகுதியின் அறுபத்திரண்டு ஃபைல்களை, எதற்குப் பின் எது என்று வரிசையாக எழுதினார். மேலாளர் பெயர் வாசிக்க, அவர் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டினார். பத்தொன்பதாவதில் ஓர் எழுத்து தப்பாகி, அதிலிருந்து மறுபடியும் தட்டினார்.

ஒன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போனில் பிரின்டர் கரகரக்கும் சத்தம். பிறகு மனைவியின் குரல்.

"பி பாசிட்டிவ்... பி பாசிட்டிவ்தான். பையை எடுத்துட்டுப் போறாங்க. வெக்கிறேன்."

மேலாளர் நாற்காலியில் சரிந்தார். மேஸ்திரி யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்து, நாளைய பில்டுக்கான ஃபைல் பெயர்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதத் தொடங்கினார்.