சோடா மூடியின் மேல் பழி

எங்கள் தெருவில் சர்க்கரை என்பது வியாதி அல்ல, பரீட்சை. அதில் வருஷக்கணக்காகப் பாஸாகி வந்தவர் என் அண்ணன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அண்ணன் பத்து முடித்தவர். பரீட்சையைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்க முடியுமா? கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக இறங்கும் தெருவில் அவருடைய சாயாக்கடை. நான் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்து எண்ணெய்ச் சட்டியில் பழம்பொரி போடுவேன், அவர் சாயா அடிப்பார். ருசி பார்க்கிறேன் என்று நாள் முழுக்க அவர் குடித்த சாயாவையும், உடைந்துபோனது என்று எடுத்துத் தின்ற பழம்பொரியையும் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு நாலு நாள் இருக்கையில் அண்ணன் சாமியாராகிவிடுவார். பாகற்காய்ச் சாறு, கோதுமைக் கஞ்சி, படகுத்துறை வரை நடை. முடிவு வந்ததும் முதல் பெஞ்சில் குந்தியிருக்கும், மூட்டை சுமக்கும் சேட்டன் கேட்பார்: "எந்தா, பாஸாயோ?"

"பின்னே!"

அன்று மத்தியானமே பிரியாணி. வியாதி என்ன, சொல்லிவிட்டு வருகிற அதிகாரியா, வரும் நாளில் மட்டும் தரையைக் கழுவி வைக்க?

வியாதி எதனால் வந்தது என்பதற்கு மட்டும் எங்கள் கடையில் விளக்கம் குறைந்ததே இல்லை. ஏலூர்த் தொழிற்சாலைப் புகை என்றார் ஒருவர். குழாய்த் தண்ணீர் என்றார் இன்னொருவர். கண்ணேறு என்றாள் அண்ணி. அண்ணன் கண்டுபிடித்த காரணம் நான்.

"ஏலே, நீ எந்நேரமும் பயந்துக்கிட்டே திரியுத பாரு, அதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு சுகரு ஏறுது."

நான் பயந்தவன்தான். கொசு கடித்தால் டெங்கு என்பேன். ஆனால் என் பயத்தை அவர் சாயாவில் கலக்கிக் குடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பழைய டாக்டர் ஊரைவிட்டுப் போக, புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். அவர் எழுதிக் கொடுத்த பரிசோதனை வேறு. ஒரே துளி ரத்தம், மூன்று மாதத்துச் சர்க்கரையையும் சொல்லிவிடும். அண்ணன் வழக்கம்போல நாலு நாள் கஞ்சி குடித்துவிட்டுப் போனார். முடிவைப் பார்த்த டாக்டரம்மா அவருடைய மாத்திரையைக் கூட்டினார். அண்ணன் வெளியே வந்து, "லேப்ல வேற யாரு ரத்தத்தையோ மாத்திப் போட்டுட்டான்" என்றார். கூட்டிய மாத்திரையை வாங்கவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் கடைத்தரை ஈரம் என்று ரப்பர் ஷூ வாங்கினார். ஒருநாள் சாயங்காலம் அதைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு சோடா மூடி விழுந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நின்றிருக்கிறார். பல் பல்லாக விளிம்பு பதிந்து, பெருவிரலுக்குக் கீழே தோல் கிழிந்து வெள்ளையாக ஊறிக் கிடந்தது.

"அண்ணே, இது தெரியலையா உங்களுக்கு?"

"கல்லுல நடந்து வளந்த காலாக்கும் இது" என்று சேட்டனிடம் காலைத் தூக்கிக் காட்டினார். சேட்டனும் ஆஹா என்றார். வீரம்!

மஞ்சள் பூசினாள் அண்ணி. வலிக்காத புண்ணுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விரல் கறுத்து நாற்றம் வந்த பிறகு நான் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அவரை இழுக்காத குறையாக ஏற்றினேன். நர்ஸ் குச்சியை விட்டு ஆழம் பார்த்தபோதும், "வலியே இல்லை சிஸ்டர்" என்று பெருமைதான். அந்தப் பெண் நிமிராமலே சொன்னாள்:

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சேட்டா. சுகர்ல நரம்பு செத்தா வலி எப்படித் தெரியும்?"

பெருவிரலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டரம்மா.

பார்க்க வருகிறவர்களிடம் அண்ணன் இப்போது சோடா மூடியைத்தான் திட்டுகிறார். எந்தக் கடைக்காரன் போட்டான் என்று விசாரணைகூட நடந்தது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நரம்பைத் தின்றது எதுவோ, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூடியைக் கையில் எடுத்துக் காட்டலாம், அதை எப்படிக் காட்டுவது?

மாத்திரை இப்போது என் பொறுப்பு. கடை அடைத்ததும் அவர் பெஞ்சில் காலை நீட்டுவார், நான் குனிந்து இரண்டு உள்ளங்காலையும் பார்ப்பேன்.

"உனக்கு வேற சோலி இல்லையால?"

"இல்ல. அந்தக் காலை நீட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே நீட்டுகிறார்.