ஸ்டெல்லா அக்காவின் கர்ட்டன் இல்லாத கடை

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். நேற்று மாலை. பாறசாலையில் கூல்பார் நடத்திய ஸ்டெல்லா அக்கா.

காலையில் அவருடைய தங்கை போன் செய்து சொன்னாள். அடுப்பில் பால் இருந்தது... அணைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

இங்கே நான் எழுதுவது குறைவு. மற்றவர்கள் எழுதுவதற்கு லைக் போட்டுவிட்டுப் போகிறவள். ஆனால் அக்காவின் கையால் போஞ்சி குடித்தவர்கள் இந்த லிஸ்டில் சிலராவது இருப்பீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு: போஞ்சி என்றால் எலுமிச்சை ஜூஸ்தான். கேரள எல்லையோரம் எங்கள் பக்கத்துப் பெயர்.

தொண்ணூறுகளில் பி.ஏ. முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி. அதை அலமாரியில் வைத்துவிட்டு, நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரியில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே ஜூஸ் போடுகிற மேசை அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் நாள் முழுவதும் பேசாமல் விட்ட பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஒருநாள் கல்ஃபில் இருந்து வந்த ஒருவர் ஷார்ஜா ஷேக் கேட்டார். உறைந்த பாலில் பழம் போட்டு அடிக்கிற அது அப்போதுதான் வடகேரளத்தில் இருந்து எங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. அக்கா அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் "இப்பத் தாறேன்" என்று சொல்லி, சின்னப் பழம் போட வேண்டிய இடத்தில் ஏத்தன் பழத்தை, அதுதான் நேந்திரம் பழத்தை, போட்டு அடித்துக் கொடுத்துவிட்டார்.

கல்ஃப்காரர் ஒரு வாய் குடித்தார். "இது ஷார்ஜா இல்ல கேட்டியா, அங்கன்வாடி ஆக்கும்!"

பல் முளைக்காத பிள்ளைகளுக்கு ஊட்டுகிற ஏத்தங்காய்க் கூழ் மாதிரி இருந்திருக்கிறது.

"அண்ணன் ஷார்ஜாவில இருந்துதானே வாறிய? வரும்போ அங்ஙனயே குடிச்சிட்டு வந்திருக்கலாம்லா," என்றார் அக்கா. கடையே சிரித்தது. அவரும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கடையில் பெண்களுக்கு என்று ஒரு ஃபேமிலி ரூம். அப்போது எல்லா இடத்திலும் உண்டு. பலகைத் தடுப்பு, பச்சை கர்ட்டன், உள்ளே இரண்டு மேசை. குனிந்த தலையோடு உள்ளே போய், குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

"ஆம்பிளையளுக்கு ஃபேன், நமக்கு கர்ட்டன்," என்பார் அக்கா. "பெண்ணு ஒருத்தி ரோட்டப் பாத்து இருந்து ஒரு போஞ்சி குடிச்சா ரோடு இடிஞ்சா விழும்?"

பிறகு பாறசாலையில், ஸ்டேஷனுக்குத் திரும்புகிற இடத்தில், மெயின் ரோட்டிலேயே சொந்தமாக ஒரு சின்னக் கடை எடுத்தார். கர்ட்டன் கிடையாது. ரோட்டைப் பார்த்து ஒரு பெஞ்சு, பெண்களுக்காக.

"திறக்கிற அன்னைக்கு நீ வரணும் மக்கா. அந்த பெஞ்சுல இருந்து ஒரு போஞ்சி குடிக்கணும். வேற ஒண்ணும் செய்யண்டாம்."

"நானா? வேற ஆரையாவது..."

"நீ டிகிரிக்காரியாக்கும். நீ இருந்தா மத்தவளுவளும் தைரியமா வந்து இருப்பாளுவ. கடைக்காரி நான் இருந்தா ஆரு மதிப்பா?"

வாறேன் என்றேன். போவதாகத்தான் இருந்தேன். சேலைகூட இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

பஸ் பாறசாலை வந்தபோது கடை முன்னால் ஆண்கள் கூட்டம். பெஞ்சு... காலியாக. அக்கா வாசலில் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாறசாலை இறங்கான் ஆளுண்டோ?" கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார்.

நான் ஜன்னல் ஷட்டரை இழுத்துத் தாழ்த்தினேன். மழைக்குப் போடுகிற ஷட்டர். வெளியே நல்ல வெயில்.

களியிக்காவிளை வரை போய்விட்டு வேறொரு பஸ்ஸில் திரும்பினேன். திரும்பும்போது கடை இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் போனேன். கடைக்குள் கர்ட்டன் தொங்கியது. அக்காவின் பழைய சேலையைக் கிழித்துத் தைத்தது. பெஞ்சு அதற்குப் பின்னால் போயிருந்தது. அந்த ஒரு வாரத்தில் ஒரு பெண்கூட வெளியே உட்காரவில்லையாம்.

"அன்னைக்குக் காச்சல் அக்கா," என்றேன்.

அக்கா எலுமிச்சை ஒன்றை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"காச்சல்காரிக்குக் காத்து படக்கூடாதுல்லா... அதான் ஷட்டர இட்டிருந்தியோ?"

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"உள்ள போய் இரு. சுக்குக் காப்பி போட்டுத் தாறேன்."

கர்ட்டனுக்குப் பின்னால் போய் இருந்தேன். காய்ச்சல் இல்லாதவளுக்கு ஒரு முழு டம்ளர் சுக்குக் காப்பி.

பிறகு எனக்கு பாலக்காட்டில் வேலை கிடைத்தது. ஒரு ஓணத்துக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கடையில் கர்ட்டன் இல்லை. பெஞ்சு ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. இரண்டு பெண்கள் இருந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டு.

"ஆரு அக்கா முதல்ல இருந்தது?" என்று கேட்டேன்.

"பூவாருல இருந்து மீன் கொண்டு வாற ஒருத்தி. கூடைய இறக்கி வச்சா. 'உள்ள என்ன புழுக்கம்'னு கர்ட்டனத் தூக்கி மேல எறிஞ்சா. பெஞ்ச வெளிய இழுத்துப் போட்டு இருந்தா. அவ்வளவுதான்." பிறகு என் தோளில் ஒரு தட்டு. "அதுக்கு டிகிரி ஒண்ணும் வேண்டி வரல்ல மக்கா!"

இந்தத் தடவை அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். பெஞ்சில் இன்னும் ஒருத்திக்கு இடம் இருந்தது... நான் நின்றுகொண்டே குடித்தேன்.

நாளை மதியம் அடக்கம் என்று தங்கை சொன்னாள். விடியற்காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

வாறேன் அக்கா.