"5 ஓம்" என்று எழுதியிருந்த பெட்டி

மின்சாரம் பாய்ந்து சூடேறும் கம்பிச் சுருளில் படிந்த தூசி கருகும்போது ஒரு வாசனை வரும். புதுச்சேரியில் நான் பிளஸ் டூ படித்த பெண்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வகம் முழுக்க அந்த வாசனைதான். இன்றும் அது மூக்கில் ஏறினால் எனக்குப் படித்தது எதுவும் ஞாபகம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

சுருளின் மின்தடையைக் கண்டுபிடிக்கும் கணக்கு என்னவோ எளிதுதான். சுருளின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை வோல்ட்மீட்டரிலும், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அம்மீட்டரிலும் பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். ஆனால் எங்கள் பள்ளியில் யாரும் அப்படிச் செய்ததில்லை. படித்து முடித்த அக்காமார்களின் "ரெக்கார்டு நோட்டு" வருடா வருடம் கைமாறி வரும். ஆய்வகத்தில் இருந்த ஒரே சுருளின் மரப்பெட்டி மேல் "5 ஓம்" என்று எழுதியிருந்ததால், விடையை முதலில் எழுதிவிட்டு, இரண்டு வோல்ட்டுக்கு 0.4 ஆம்பியர் என்று கீழிருந்து மேலே நிரப்பிக்கொண்டு போவார்கள். இதற்கு "ரீடிங் சமைக்கிறது" என்று பேர். இயற்பியல் மிஸ்ஸுக்கும் இது தெரியும். சமையல் ஒழுங்காக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

எனக்கு நோட்டுக் கொடுக்க எந்த அக்காவும் இல்லை. குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்து பிளஸ் டூவில் இயற்பியல் எடுத்த முதல் பெண் நான். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றாள். நோட்டு இல்லாததால், மீட்டரின் முள் எங்கே நின்றதோ அதையே எழுதினேன்: இரண்டு வோல்ட்டுக்கு 0.25 ஆம்பியர். எட்டு ஓம், அரை வாட். சந்தேகத்தில் நான்கு வோல்ட் வைத்தும் பார்த்தேன், அரை ஆம்பியர். மறுபடியும் எட்டுதான் வந்தது.

மிஸ் என் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "அஞ்சு வரவேண்டிய எடத்துல எட்டு எப்படிம்மா வந்துச்சு? கவிச்சிக் கையோட மீட்டரைத் தொட்டா இப்படித்தான். போ, சோப்பு போட்டுக் கழுவிட்டு வா." எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற என் தோழி செல்வி மட்டும் சிரிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை விடுவித்துக்கொண்டு நிஜமாகவே போய்க் கழுவினேன். அப்படிப் போய்க் கழுவியதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

பெட்டியைத் திருப்பி வைக்கப் போனபோது ஆய்வக அட்டெண்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உன் மேல தப்பில்ல பாப்பா. பழைய காயில் சுருளு எரிஞ்சுபோயி ரெண்டு வருசம் ஆவுது. கெடைச்ச கம்பிய சுத்தி வச்சேன். மேல எழுதியிருக்கறத யாரு மாத்துறது?" ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து "எக்ஸ்டர்னல்" வருவார், அவர் முன்னால் இவர் மூக்கு உடைபட வேண்டும் என்று மூன்று மாதம் வாயைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

தேர்வன்று சீட்டெடுத்தபோது அந்தச் சுருள் ஆறு பேருக்கு விழுந்தது. அதில் நானும் ஒருத்தி, செல்வியும் ஒருத்தி. வரிசையில் நிற்கும்போது அவள் என் காதருகே வந்தாள். "ஏய், உனக்கு அன்னிக்கு எட்டுன்னுதான வந்துச்சு. நான் இன்னாடி போடட்டும், அஞ்சே போட்டுடவா?"

இரண்டு பேர் எட்டு எழுதினால், பேசிவைத்து எழுதினோம் என்று மிஸ் தப்பித்துக்கொள்வார் என எனக்குத் தோன்றியது. "அஞ்சே போட்டுடு" என்றேன்.

எக்ஸ்டர்னல் சார் ஐந்து தாள்களில் ஐந்தையும் என் தாளில் எட்டையும் பார்த்தார். எழுந்து வந்து, தானே இணைப்புக் கொடுத்து, முள்ளைப் பார்த்து வகுத்தார். "எட்டு வருதே மேடம். இந்தப் பொண்ணத் தவிர யாருமே மீட்டரைப் பாக்கலையா? நீங்களாவது பாத்தீங்களா?"

மிஸ்ஸின் முகம் வெளுத்துப்போனது. நான் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டி, "கையக் கழுவிட்டு வரட்டுமா மிஸ்?" என்று கேட்டேன். அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததே இல்லை, என் கல்யாணத்தன்றுகூட.

ஐந்து பேருக்கும் மதிப்பெண் குறைந்தது. செல்விக்குக் கொஞ்ச மதிப்பெண்ணில் நர்சிங் சீட் கைவிட்டுப் போக, அடுத்த வருடமே வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவள், "நீ தெரிஞ்சேதான் சொன்னியாடி?" என்று கேட்டாள். நான் பத்திரிகையைப் பிரித்து, தேதியைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

இப்போது தட்டாஞ்சாவடியில் ஹீட்டர் காயில் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். சுருளின் முனைகளில் தொட்டால் டிஜிட்டல் மீட்டரே இத்தனை ஓம் என்று காட்டிவிடுகிறது. முள்ளும் இல்லை, வகுத்தலும் இல்லை. அந்த ஆய்வகத்தையும் இடித்துவிட்டார்கள். போன மாதம் காய்கறிக் கடையில் மிஸ்ஸைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, யாரென்று தெரியாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திருப்பிச் சிரிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. எங்காவது என்னை எதிரில் கண்டால் செல்வியும் சிரிக்க வேண்டியதில்லை. மிஸ் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட, என் மேல் அவளுக்கு இருக்கும் கோபத்தில் நியாயம் அதிகம்.