வெதுருகுப்பம் வண்டியில் போன பூனை

எழுத உட்கார்ந்ததற்கே என்னை மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அரிசி மண்டியில் தராசு பிடித்தே பாதி வயது போய்விட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசியவனும் இல்லை. ஒரு பூனையைப் பற்றிச் சொல்ல இத்தனை காகிதம் எதற்கு என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். வாயால் சொல்லியிருக்க வேண்டியதை அந்தச் சமயத்தில் சொல்லாமல் விட்டவனுக்கு இதை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

அப்போது நானும் என் அக்காவும் திருப்பதியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அக்காவுக்குப் புருஷன் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டிலேயே சமைத்து மூன்று குமாஸ்தாக்களுக்குச் சாப்பாடு போட்டாள். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம், சத்தியவேடு எங்கள் ஆந்திராப் பக்கம் என்று எல்லை முடிவான சமயம் அது. ஆபீஸ்களில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அலைவார்கள். அந்த மூவரும் அக்காவின் கருவாட்டுக் குழம்புக்கென்றே வந்து சேர்ந்தவர்கள். அக்காவுக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டமாட்டாள். இலைகள் காலியானதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சட்டியைத் தேய்ப்பாள். தேய்க்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

பூனை எங்கிருந்தோ வந்தது. சாம்பல் நிறம். ஒரு காது நுனியில் கிழிந்திருக்கும். அதற்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. பால்காரர் வந்தால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்தப் பால் குமாஸ்தாக்களின் காப்பிக்கு என்று அதற்குத் தெரியும். கடலோரத்துத் தடா ஊர்ப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மாள் சந்து முனையில் கூடையை இறக்கினால் போதும், எவ்வளவு தூக்கத்திலும் எழுந்து ஓடும். புரட்டாசி பிறந்து எங்கள் வீட்டில் மீனும் கருவாடும் நின்றதும் ஆளையே காண முடியாது. எந்த வீட்டில் அந்த ஒரு மாதத்தைத் தள்ளுமோ, ஐப்பசி முதல் தேதி காலையில் ஒன்றும் நடக்காததுபோல வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் நடந்ததற்கு முந்தைய வருஷம் அக்கா விஷக்காய்ச்சலில் இருபது நாள் படுத்துக் கிடந்தாள். காய்ச்சல் இறங்கியபோது அவளுடைய மூக்கையும் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. உப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரியும். அவ்வளவுதான். பால் திரிந்ததா, சோறு அடிப்பிடித்ததா, மீன் கெட்டதா, ஒன்றும் தெரியாது. வெளியே தெரிந்தால் சமையலைத் தன் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அடுப்படியை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருந்தது?

எப்படிச் சமாளித்தாள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. குழம்பு கொதிக்கும்போது பூனை அடுப்படி வாசலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும். புளியும் மிளகாய்த் தூளும் பச்சை வாடை போய்க் கருவாட்டு மணம் எழும்பியதும் எழுந்து வந்து அடுப்பண்டை உட்காரும். அக்கா சட்டியை இறக்குவாள். அக்கா இறக்குவதைப் பார்த்துப் பூனை வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூனை வந்ததைப் பார்த்துத்தான் அக்கா இறக்கினாள். எதையும் பரிமாறுவதற்கு முன் ஒரு துணுக்கு அதன் முன்னால் வைப்பாள். அது மோந்து பார்த்துத் தின்றால் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்படியே குப்பையில் கொட்டுவாள்.

கருவாட்டு அம்மாளுக்கு இது ஒரு வேடிக்கை.

“இன்னாக்கா, உன் பூனை கையெழுத்து போட்டாத்தான் வாங்குவியா?”

“அது துன்ற சரக்குதான் மனுஷன் துன்ற சரக்கு. நீ கூடைய எறக்குடி.”

“இதுக்கு ஒரு சம்பளம் போட்டு ஆபீசுல குந்த வெச்சிடலாம் போலக்குதே!”

நானும் சிரித்தேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, பூனையிடம் ஆசையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குமாஸ்தாக்களில் மூத்தவர் திருத்தணி ஆபீசிலிருந்து வந்தவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார், பூனையைப் பில்லி என்றும் சொல்வார். நல்ல மனிதர்தான், சுத்தம் மட்டும் அதிகம் பார்ப்பார். ஒரு நாள் காலையில் கை கழுவப் பின்பக்கம் போனவர், அக்கா பூனைக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு, அது தின்றதும் அதே சட்டியிலிருந்து எங்களுக்கு எடுப்பதைப் பார்த்துவிட்டார். இலை முன் வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டார்.

“ஏம்ப்பா, மொதல் பந்தி பில்லிக்கு, ரெண்டாவது பந்தி எங்களுக்கா?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை.

“பூனை எச்சில துன்னுட்டு ஆபீசுக்குப் போறோம். தாசில்தார் கூப்பிட்டா மியாவ்னுதான் சொல்லணும்.”

கை கழுவிவிட்டுப் புறப்படும்போது அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “சிரிப்புக்குச் சொல்லலப்பா. அது இங்க இருந்தா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

இதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவளும் தன்னுடைய விஷயத்தைச் சொல்லியிருப்பாள். நான் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். அவள் மனம் நோகாமல் நானே முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெதுருகுப்பத்திலிருந்து எங்கள் மண்டிக்கு நெல் வண்டி ஓட்டிவரும் ஒருவர் இருந்தார். வீட்டில் எலி மூட்டைகளைக் கத்தரித்துப் போடுகிறது, ஒரு பூனை இருந்தால் கொடு என்று என்னிடம் கேட்டிருந்தார். அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கோணியை விரித்து உள்ளே ஒரு துண்டு கருவாடு வைத்தேன். என்னிடம் அவ்வளவாக ஒட்டாத பூனை அது. கோணியின் வாயண்டை நின்று மோந்து பார்த்தது. நல்ல கருவாடுதான், அதில் நான் ஏமாற்றவில்லை. உள்ளே போனது. வாயைக் கட்டிக் கொண்டுபோய் அவருடைய வண்டியில் ஏற்றினேன்.

அன்று சாயங்காலம் அக்கா சந்து முழுக்கத் தேடிவிட்டு வந்தாள்.

“தம்பி, பூனைய பாத்தியாடா?”

“காணலியே. எங்கனா போயிருக்கும்.”

“இது பொரட்டாசி கூட இல்லியே,” என்றாள்.

அதன் பிறகு சாப்பாடு மாறியது. ஒரு நாள் குழம்பில் பச்சை வாடை. ஒரு நாள் சோறு அடிப்பிடித்து வீடே நாறியது, அக்கா அதன் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் சாம்பார் ஊசிப்போயிருந்தது, சுடவைத்துப் போட்டாள். பூனை போன வருத்தத்தில் கவனம் இல்லை, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். சாப்பாட்டைப் பற்றி அவளிடம் ஒரு நாளும் குறை சொன்னவனில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழுதும் தின்றேன். குமாஸ்தாக்களும் முதலில் பேசாமல் இருந்தார்கள். இளையவர் மட்டும், “அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று என்னைத் தனியாகக் கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கருவாட்டு அம்மாள் அந்த வாரம் வரவில்லை. அக்கா வேறு யாரிடமோ ஏரி மீன் வாங்கியிருந்தாள். நெற்றி வேர்க்க வேர்க்கச் சமைத்தாள். போன வாரங்களுக்கும் சேர்த்து ஈடு கட்டிவிட வேண்டும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். குழம்பு இலையில் விழுந்ததுமே நாற்றம் அடித்தது. நான் சோற்றைப் பிசைந்தேன். பெரிய குமாஸ்தா இலையை விட்டு எழுந்தார்.

“ஏம்மா, இத நீ மோந்து பாத்தியா?”

அக்கா கரண்டியோடு வந்தாள். என் இலையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து மூக்கண்டை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கெட்டுப்போச்சாடா?”

நான் தலையாட்டினேன்.

“நீ ஏன்டா சொல்லல? இத்தினி நாளா நீயும்தானே துன்னுக்கினு இருந்தே?”

மூவரும் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா அடுப்பண்டை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், மூக்கு, பூனை, எல்லாம். அழவில்லை. “அது திரும்பி வந்துட்டா போதும்டா நைனா, நான் பாத்துக்குவேன்,” என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மண்டிக்குப் போகாமல் வெதுருகுப்பத்துக்குப் பஸ் ஏறினேன். வண்டிக்காரர் களத்தில் இருந்தார்.

“அது அன்னிக்கே போயிடுச்சே சாமி. வழியில மாட்டுக்குத் தண்ணி காட்ட நிறுத்தினேன். கோணிய எப்பதான் கடிச்சிதோ, குதிச்சி வேலிக்குள்ள பூந்துடுச்சி. கூப்பிடலாம்னா அதுக்குப் பேரு இன்னான்னு நீ சொல்லல.”

“பேர் வைக்கல,” என்றேன்.

“பேரில்லாதத எப்டி கூப்புடறது, நீயே சொல்லு.”

அவர் காட்டிய இடத்துக்கு நடந்து போனேன். இரண்டு பக்கமும் வேலி, அதற்கு அப்பால் கரும்பு. எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை. வேலி ஓரமாகவே நடந்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினேன். அக்கா எங்கே போனாய் என்று கேட்டாள். சொன்னேன். கோணி, வண்டி, பெரிய குமாஸ்தா பேசியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றுதான்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை ஈரமாக இல்லை.

“எதுனா துன்னக் குடுத்தியா?”

“ஒரு துண்டு கருவாடு.”

“பசி தாங்காதுடா அது,” என்றாள்.

மறுநாள் குமாஸ்தாக்கள் யாரும் வரவில்லை. அக்கா அடுப்பு மூட்டவில்லை. நான் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் எட்டு இட்லி வாங்கி வந்தேன். இரண்டு மீந்தது. அக்கா அதைக் கொண்டுபோய் அடுப்படி வாசலில், பூனை படுக்கிற இடத்தில் வைத்தாள்.