மகள் கடித்த பொட்டலம்

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டினார். எல்லையில் சண்டை மூண்ட அந்தக் கோடையில், மருத்துவப் பிரிவில் இல்லாதவர்களுக்கும் சில நாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். தொம்மலூர் வீட்டுக்கு வந்ததும் என் காலை மடியில் வைத்து, ரத்தத்தை நிறுத்தும் கட்டைப் போட்டுப் பழகுவார். கால் மரத்துப்போகும்வரை பேசாமல் இருப்பேன். சரியாகத்தான் கட்டுகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"குண்டடி பட்டவன் பாக்கெட்ல இருக்கிற டிரெஸ்ஸிங்கத்தான் அவனுக்குக் கட்டணும். நம்மளத எடுத்தா, டிரெய்னிங் குடுக்கிற உஸ்தாத் உதைப்பாரு" என்றார். ஆளுக்கு ஒன்று. காயத்தில் வைத்துக் கட்டும் துணியை, கிருமி அண்டாதபடி காற்றுப் புகாமல் ஒட்டிய உள்ளங்கை அளவுப் பொட்டலம்.

"அப்போ உங்களுக்கு?"

"என்னுது எனக்கு. அவ்ளோதான்."

கிளம்பும் நாள் காலை, சீருடைக்கு இஸ்திரி போடுவதற்காக, பாக்கெட்டில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். திரும்பியபோது அதன் ஓரம், பல் முளைத்துக்கொண்டிருந்த மகளின் வாயில் இருந்தது. பிடுங்கித் துடைத்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை. பால் புட்டியை இரண்டு முறை கொதிக்க வைக்கிறவள், அதை அப்படியே பாக்கெட்டில் திருப்பி வைத்தேன். சொன்னால் புறப்படும் நேரத்தில் மனம் கெடும். சொல்லாவிட்டால்?

ரயில் நிலையத்தில்தான் சொன்னேன். சிரித்தார்.

"அப்பாவோட டிரெஸ்ஸிங்கையே தின்னப் பாத்தியாடி, கழுதை?" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு பொட்டலத்தைக் காதருகே வைத்து அழுத்தினார். சிரிப்பு நின்றது.

"காத்து போவுது."

"வேற வாங்க முடியாதாங்க?"

"இப்ப டயம் எங்க இருக்கு? அங்க போய் மாத்திக்கிறேன், வுடு."

ஒவ்வொரு கடிதத்திலும் அதையே கேட்டேன். அவர் குளிரைப் பற்றி எழுதினார். கூட லாரியில் வரும் திருச்சிக்காரர் வைக்கும் ரசத்தைப் பற்றி எழுதினார். ஐந்தாவது கடிதத்தில் பதில் இருந்தது: 'மாற்றிவிட்டேன். இனி கேட்காதே.'

அன்று விளக்கேற்றிக் கும்பிட்டேன். பல நாள் கழித்துப் பசித்துச் சாப்பிட்டேன்.

தட்டைக் கழுவும்போதுதான் தோன்றியது. ஆளுக்கு ஒன்றுதானே? அப்படியானால் இவருக்குக் கிடைத்தது யாருடையது? அடிபட்டவனுடையதை அவனுக்கே பிரித்திருப்பார்கள். பிரிக்காமல் மிஞ்சியது என்றால், அவனுக்குக் கட்டுப் போடவே நேரம் இருந்திருக்காது. கிடங்கில் கொடுத்திருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். கைகளைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை மறுபடி படித்தேன். இந்த முறை திருச்சிக்காரரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். மகளுக்கு மூன்றாவது பல் வந்துவிட்டது என்று எழுதினேன். வேறு எதையும் கேட்கவில்லை.