பெரியம்மா விழுந்த தாள்

இரண்டு வருஷமாக அந்தத் தாள் அவளுடைய கைப்பையில் இருந்தது. நான்காக மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீப்புக்கும் தைலப் புட்டிக்கும் நடுவில் வைத்திருந்தாள். தாளில் எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, இரண்டைத் தவிர.

அவளுக்கு வேலை முதியோர் இல்லத்தில். தூக்குவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது என்று இருபத்தாறு வருஷம். அங்கே எல்லோருக்கும் அவள் எட்டுக்கால் சிஸ்டர். அந்த இல்லத்தில் கண்டிப்பான சட்டம் ஒன்று உண்டு. யார் கீழே விழுந்தாலும், அடி பட்டாலும் படாவிட்டாலும், பணியில் இருப்பவர் ஒரு தாள் நிரப்ப வேண்டும். விழுந்தவர் யார், எங்கே, எவ்வளவு உயரத்திலிருந்து, எப்படி, யாருடைய கவனக்குறைவு, பார்த்தவர் கையெழுத்து. 'விழுந்த தாள்' என்பார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேட்ரன் கோப்பில் சேர்க்க மாட்டார். முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி நீட்டிவிடுவார்.

சிஸ்டரின் பையில் இருந்த தாளில் விழுந்தவர் என்ற இடத்தில் 'பெரியம்மா' என்றும், வயது பதினொன்று என்றும் இருந்தது. பெரியம்மா ஒரு டாரன்டுலா. விரித்த கை அகலத்துக்கு இருக்கும் பழுப்புச் சிலந்தி.

அது அவளிடம் வந்த கதை சின்னதுதான். விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், ஒரு பெட்டித் துணியோடும் ஒரு கேக் டப்பாவோடும் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். டப்பாவுக்குள் இருந்ததைப் பார்த்ததும் மேட்ரன் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார்.

"நீ எடுத்துக்கோம்மா," என்றார் அந்த அம்மாள். "வாரத்துக்கு ஒரு கரப்பான் போதும். குறை சொல்லாது."

குறை சொல்லாத ஓர் உயிரைப் பார்த்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டாள். தன் ஒற்றை அறையில், அரிசி போட்டுவைத்திருந்த தட்டையான டப்பாவில் மண் நிரப்பி, உடைந்த பூந்தொட்டியில் பாதியைக் கவிழ்த்து வைத்தாள். ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லை. லீவு கேட்டால், "பெரியம்மா தோல் உரிக்கிறா, பக்கத்துல இருக்கணும்" என்பாள். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டு, அது என்ன வியாதி என்று கேட்பார்கள்.

அத்தானுக்குக் கடைத்தெருவில் செல்லப்பிராணிக் கடை. மீன், கிளி, முயல் எல்லாம் விற்பார். ஒரு நாள் அக்காவோடு அவள் அறைக்கு வந்தவர், அரிசி டப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் சின்னவளே, ராணி மாதிரி இருக்கா, அவளைப் போய் அரிசி டப்பாவுலயா வைப்பாங்க? நம்ம கடை மானம் போகுது."

மறுநாளே ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. இரண்டடி உயரம். மேலே கம்பி வலை மூடி. உள்ளே மெல்லிசாக மண், அதன் மேல் பெரிய கருங்கல், அழகுக்கு.

"இவ்ளோ உயரம் எதுக்கு அத்தான்?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

"உயரமா இருந்தாத்தான் காத்தோட்டம். இதெல்லாம் தொழில் நுணுக்கம். உனக்குப் புரியாது."

சொன்னவர் கடைக்காரர் ஆயிற்றே என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொண்டதற்காகப் பிறகு தன்னையே எத்தனை தடவை வைதுகொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்றாவது வாரம் வேலை முடிந்து வந்தபோது பெரியம்மா கருங்கல்லின் மேல் மல்லாந்து கிடந்தது. கண்ணாடியில் ஏறி, வலை வரை போய், அங்கிருந்து விழுந்திருக்கிறது. வயிறு பிளந்து ஈரம் கசிந்திருந்தது. விழுந்தவர்களை எத்தனையோ பேரை அவள் பார்த்தவள். பிழைக்குமா பிழைக்காதா என்பது வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் மெதுவாக உள்ளே மடங்கி, அசைவு நின்றது. பஞ்சில் சுற்றிப் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, கை கழுவி, பையில் மிச்சமிருந்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து நிரப்பினாள். உயரம்: இரண்டடி. இடம்: அத்தான் கொடுத்த பெட்டி. 'யாருடைய கவனக்குறைவு' என்ற கட்டத்தையும், 'பார்த்தவர்' என்ற கட்டத்தையும் காலியாக விட்டாள். கவனக்குறைவுக் கட்டத்தை அத்தானே சொல்லி நிரப்ப வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அத்தானோ அதை நகைச்சுவையாக்கினார். எந்த வீட்டு விசேஷமானாலும், "கிழவன் கிழவியைத் தாங்குற கையாம், ஒரு பூச்சியைத் தாங்கல, கீழ போட்டுடுச்சு!" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். இல்லத்துக் கூடத்தில் மீன் தொட்டி வைக்க வந்தபோது, மேட்ரன் முன்னாலும் அதையே சொன்னார். ஆறாம் கட்டிலில் இருந்த பழைய தபால்காரரின் மகள் அப்போது பக்கத்தில் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலமே அந்த மகள் மேட்ரனிடம் போய், "எங்கப்பாவை அந்த சிஸ்டர் தூக்க வேண்டாம்" என்றாள்.

"என்னை அவ தூக்கினா நான் எதுக்கு விழப்போறேன்? நீ கையைப் பிடிச்சாத்தான் விழுவேன்," என்று தபால்காரர் கத்திப் பார்த்தார். மேட்ரன் என்ன செய்வார்? பணிப் பட்டியலை மாற்றிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவள் கையைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவள் கறுவிக்கொண்டே வேலை செய்தாள். படுக்கை விரிப்பை இழுத்துச் செருகும்போது ஓர் இழுப்பு அத்தானுக்கு. தலையணையைத் தட்டும்போது இரண்டு தட்டு அத்தானுக்கு. கிழவர்கள், "இன்னைக்குத் தலையணை நல்லா உப்பியிருக்கு சிஸ்டர்" என்று மகிழ்ந்தார்கள்.

கறுவியதோடு நிற்கவில்லை, கற்றுக்கொண்டாள். வளர்ப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்டாள். வேறு சிலந்திகள் வாங்கினாள், இப்போது ஐந்து இருக்கின்றன. தரையில் வாழ்கிற ஜாதிக்குப் பெட்டி நீளமாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். மண்ணிலிருந்து மூடி வரை, அது காலை நீட்டினால் வருகிற அளவில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. பெட்டி உயரமாகத்தான் கிடைத்ததென்றால் மண்ணைப் போட்டு உயரத்தைத் தின்றுவிட வேண்டும். நார்த்தூளும் மண்ணும் கலந்து, கையால் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மரத்தில் வாழ்கிற ஜாதிக்குத்தான் நெடிய பெட்டி, உள்ளே நிற்கிற மரப்பட்டை. காற்றுக்குப் பக்கவாட்டில் சூடான ஊசியால் துளை போட வேண்டும். கம்பி வலை மட்டும் எந்த ஜாதிக்கும் ஆகாது. கால் நுனிக் கொக்கி அதில் மாட்டிக்கொள்ளும். பெரியம்மா எப்படி விழுந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

அரிசி டப்பாதான் சரியான வீடு. ராணிக்கு அரண்மனை கொடுத்துக் கொன்றவர் அவர்.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள்.

"சின்னவளே, உடனே கடைக்கு வாடி. சிலந்தி ஒண்ணு வலையில மாட்டிக்கிட்டுத் தொங்குது. சிலந்தியைப் பாத்துக்கிட்டிருந்த ஆளு வேலையை விட்டுட்டுப் போயிட்டான். இவரு கிட்டவே போக மாட்டேங்கிறாரு."

"எந்த வலையில?"

"மூடியிலடி. அந்த உசரப் பெட்டி இல்ல? அதே மாதிரிதான்."

சிஸ்டர் சீருடையைக்கூட மாற்றவில்லை. பையில் உறை இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கடையில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சிலந்தியை வாங்கிப்போக வந்திருந்த கணக்கு டீச்சர் ஓரமாக நின்றிருந்தார். அக்கா கல்லாவில். அத்தான் பெட்டியிலிருந்து நாலடி தள்ளி, கையில் நீளமான துடைப்பத்தோடு நின்றார்.

"துடைப்பம் எதுக்கு அத்தான்? கூட்டப் போறீங்களா?"

"வந்துட்டியா! எப்படியாவது எடுத்து விடும்மா. டீச்சர் காத்துக்கிட்டிருக்காங்க."

இரண்டடிப் பெட்டி, முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மேலே வலை, கீழே அதே மாதிரிக் கருங்கல். சிலந்தி தலைகீழாகத் தொங்கியது. ஒரு பின்னங்கால் வலைக்குள் போய் மாட்டி, மூட்டு விறைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கால் பிய்யும், இல்லையென்றால் பிடி விடும்.

தாளை அப்போதே நீட்டியிருக்கலாம். பையின் ஜிப்பில் கை போகவும் போனது. ஆனால் அத்தான் வாதாட ஆரம்பித்தால் அரை மணி ஓடும், தொங்குவது அத்தான் அல்ல. ஜிப்பை விட்டுவிட்டாள்.

கதவைத் திறந்து முதலில் கருங்கல்லை வெளியே எடுத்தாள். கல்லா மேல் கிடந்த துண்டை நான்காக மடித்து அடியில் போட்டாள்.

"வாங்க அத்தான். ரெண்டு கையையும் இந்தத் துண்டு மேல விரிச்சு வைங்க."

"நானா? துண்டு போதுமே?"

"துண்டுக்குப் பிடிக்கத் தெரியுமா?"

துண்டு தாராளமாகப் போதும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"கையுறை போட்டுக்கிறேன்."

"வேணாம். வழுக்கும்."

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டார். சிஸ்டர் மருந்து தடவுகிற மெல்லிய தூரிகையை எடுத்து, வலைக்கு மேலிருந்து அந்தக் கால் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளினாள். கட்டிலில் மாட்டிய கிழவரின் விரலை விடுவிப்பது போலத்தான். இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். இன்னொரு கையை அதன் வயிற்றுக்கடியில் அணைவாக வைத்திருந்தாள். கால் விடுபட்டது. சிலந்தி அவள் கையில் இறங்கியது. அவள் கையைத் தாழ்த்தினாள். அத்தானின் உள்ளங்கைக்கு மெதுவாக அதை நகர்த்திவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அத்தான் கண்ணைத் திறந்தார். பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் கிளிகள் அடங்கிவிட்டன.

"எடு... எடு... எடுடி!"

"அசையாதீங்க. அசைஞ்சா அது பயப்படும். பயந்தா என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது." சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். தாளைப் பிரித்து நீவி விட்டாள். "அது இப்ப பத்திரமா இருக்கு. அவசரமில்ல. விழுந்தவர், பெரியம்மா. எவ்வளவு உயரம் அத்தான்?"

"எதைக் கேக்கிற?"

"நீங்க எனக்குக் கொடுத்த பெட்டி."

"ரெண்டடி! எடும்மா!"

"மூடி?"

"வலை, வலை!"

"கல்லு யாரு வச்சது?"

"நான்தான் வச்சேன்."

"யாருடைய கவனக்குறைவு?"

அத்தான் உதட்டை அசைத்தார். சிலந்தி ஒரு காலைத் தூக்கி அவர் மணிக்கட்டின் மேல் வைத்தது.

"கேக்கல அத்தான். அங்க கல்லா வரைக்கும் கேக்கணும்."

"என்னோட கவனக்குறைவு! போதுமா? அவ ஒரு தப்பும் பண்ணல. பெட்டி தப்பு. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒண்ணுமே தெரியாது!"

கடைசியில் சொன்னது அவள் கேட்காமலே வந்தது. அதை எழுதக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு தாளை அக்காவிடம் நீட்டினாள். "பார்த்தவர் கையெழுத்து."

அக்கா கணவரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். பேனாவைத் தானே தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். "ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே," என்றாள் அவரிடம். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி நிறையச் சொல்லியிருப்பாள்.

அதற்குள் சிலந்தி பின்னங்காலைத் தூக்கி முதுகுப்பக்கத்தைச் சரசரவென்று உதைத்தது. கண்ணுக்குத் தெரியாத அரிப்பு ரோமம் அத்தானின் விரலிடுக்கெல்லாம் இறங்கியது. சிஸ்டர் அதைப் பார்த்தாள். பிறகுதான் ஒரு தட்டையான டப்பாவைப் பக்கத்தில் வைத்து, தூரிகையால் பின்னால் தொட்டு, சிலந்தியை நடக்க விட்டாள்.

டீச்சர் கண்ணாடிப் பெட்டியை வேண்டாம் என்றுவிட்டார். டப்பாவில் எவ்வளவு மண் போடுவது, தண்ணீருக்கு எவ்வளவு ஆழமான மூடி வைப்பது என்று சிஸ்டரிடம் கேட்டு, கணக்குப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மேட்ரன் அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தார். "பெரியம்மாவா? இந்தப் பேர்ல நம்மகிட்ட யாரும் இல்லையே?"

"கட்டமெல்லாம் நிரம்பியிருக்கா பாருங்கம்மா."

நிரம்பியிருந்தது. ஓரத்தில் இருந்ததை மேட்ரன் இரண்டு தடவை படித்தார். துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். ஆறாம் கட்டில் தபால்காரரின் மகள் வந்தபோது கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். மறுநாள் பணிப் பட்டியல் மாறியது.

"வந்துட்டியா," என்றார் தபால்காரர். "ரெண்டு வருஷமா மூட்டை மாதிரி தூக்கினாங்க."

"கழுத்தைப் பிடிங்க. பேசாதீங்க," என்று சொல்லி அவரைத் தூக்கி உட்கார வைத்தாள்.

புதன்கிழமை அத்தான் போன் செய்தார். கை வீங்கிச் சிவந்திருக்கிறதாம், நான்கு நாளாகத் தூக்கமில்லையாம், எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லையாம். "என்னம்மா பண்றது சின்னவளே?"

ஒட்டுகிற டேப்பைத் தோல் மேல் ஒட்டி உரித்தால் ரோமம் அதோடு வந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. அவளுக்குப் பெரியம்மா காலத்திலிருந்தே தெரியும்.

"எனக்கென்ன தெரியும் அத்தான், அரிசி டப்பாக்காரிக்கு," என்றாள். "சொறியாம இருங்க. யோசிச்சுப் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை வரை யோசித்தாள். பிறகு சொன்னாள்.