முப்பத்தேழாம் ஜாடியின் எட்டுக் கைகள்

இரண்டு கைகள் ஜாடிக்குள் மணிக்கட்டு வரை இறங்கி, வெளிறிப்போன ஓர் ஆக்டோபஸைத் தலையோடு சேர்த்துத் தாங்கி மேலே தூக்கின. பதப்படுத்தும் சாராயம் வடியட்டும் என்று சற்று நேரம் ஜாடியின் வாயிலேயே பிடித்திருந்தன. பிறகு வெள்ளைத் தட்டில் கிடத்தி, சுருண்டு கிடந்த கைகளை ஒவ்வொன்றாக விரித்து, நுனி வரைக்கும் நீவி எண்ணின. வலப்பக்கம் நான்கு. இடப்பக்கம் நான்கு. எட்டும் முழுசாக இருந்தன.

முழுசாக இருக்கக் கூடாது. அதனால் அவள் மறுபடி எண்ணினாள்.

ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறையில், இரும்பு அலமாரிகளில் நாலாயிரம் ஜாடிகள். இருபத்திரண்டு வருடமாக அவற்றைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கட்டடத்தில் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் ஜாடியக்கா. கண்ணாடி கழுவ வந்தவள். கழுவிக்கொண்டே பக்கத்து மேசையில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து, எந்த மூடி எத்தனை மாதத்தில் கசியும், எந்த மீன் சாராயத்தில் சுருங்கும் என்பதையெல்லாம் பிடித்துக்கொண்டாள். படித்து வந்தவர்கள் சந்தேகம் கேட்கக் கீழே இறங்கி வருவார்கள். அவள் பதில் சொல்லிவிட்டு, "வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கதவை நல்லாச் சாத்திட்டுப் போங்க" என்பாள்.

ஆக்டோபஸிலிருந்து மரபணு எடுக்க ஒரு துண்டு சதை வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு விதி உண்டு. ஆணுக்கு வலப்பக்கத்து மூன்றாம் கையின் நுனி கரண்டி போல இருக்கும். ஆணா பெண்ணா, எந்த இனம் என்று பார்க்க அந்த நுனி தேவை. அதைத் தொடக் கூடாது. ஆகவே ஆணோ பெண்ணோ, எப்போதும் இடப்பக்கத்து மூன்றாம் கைதான். வெட்டுப்பட்ட அந்தக் கையே, துண்டு எடுத்தாயிற்று என்பதற்கு அடையாளம்.

இந்த ஆக்டோபஸில் அந்த அடையாளம் இல்லை. ஜாடிக்குள் கிடந்த சீட்டில் பென்சிலால் 37 என்று எழுதியிருந்தது. தம்பியின் எழுத்து. சாராயத்தில் மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. அதனால் அவன் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

தம்பி ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்த்தவன். வலையில் வருவதைக் கழுவி, பிரித்து, ஜாடியில் போடுவான். துருவக் கடலிலிருந்து திரும்பும் வழியில், உட்கார்ந்து துண்டு வெட்டுவதும் அவன் வேலைதான். "இடது பக்கம் மூணாவது கை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்க்கா. என்னையே எழுப்பினா நானே என் இடது கையை நீட்டிடுவேன்" என்பான். இரண்டு வருடம் முன்பு, அடுத்த பயணத்தில், மேல்தளத்தில் ஏறி அடித்த ஓர் அலை அவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அவனுடைய பழைய கம்பளிச் சட்டையும், அவன் கொண்டுவந்த அறுபத்தொரு ஆக்டோபஸும்தான் கரையில் மிச்சம்.

அந்த அறுபத்தொன்றை வைத்துத்தான் மாடியில் பேராசிரியை மூன்று வருடமாக மல்லாடிக்கொண்டிருந்தாள். அவள் விடை தேடிய கேள்வியை ஜாடியக்கா தன் அப்பாவுக்கு இப்படி விளக்கியிருந்தாள்: உறைபனி நிலத்துக்குக் கிழக்கே ஒரு கடல், மேற்கே ஒரு கடல். நடுவே மலை கனத்துக்குப் பனி. இந்த ஆக்டோபஸ் குஞ்சுகள் நீரில் மிதந்து ஊர் சுற்றுவதில்லை. முட்டையிலிருந்து வந்ததும் தரையோடு தவழ்ந்து, அக்கம்பக்கத்திலேயே பிழைத்துச் சாகும். தலைமுறை தலைமுறையாக அவற்றின் மரபணுவில் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்று மாறிக்கொண்டே வரும். பிரிந்து கிடக்கிற காலம் கூடக் கூட வித்தியாசமும் கூடும். கிழக்குக் கடலில் இருப்பதும் மேற்குக் கடலில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், நடுவில் உள்ள பனி வெகுகாலம் முன்பல்ல, நேற்று முந்தாநாள் போல ஒரு காலத்தில் உருகி வழிவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிழக்கில் எடுத்ததெல்லாம் ஒருவிதம், மேற்கில் எடுத்ததெல்லாம் ஒருவிதம் என்றே வந்தது. முப்பத்தேழு மட்டும் விலகி நின்றது. கிழக்கில் பிடித்த கடைசி ஆக்டோபஸ் அது. அதன் எழுத்துகள் மேற்கில் பிடித்த முதல் ஆக்டோபஸான முப்பத்தெட்டோடு ஒரு புள்ளி பிசகாமல் பொருந்தின.

பேராசிரியை படியிறங்கி ஓடிவந்து ஜாடியக்காவைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, உங்க தம்பி பிடிச்சதுக்கா! கட்டுரையோட முதல் பக்கத்துலயே அவர் பேரைப் போடறேன். வெள்ளிக்கிழமை அனுப்பறோம். முப்பத்தேழை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க."

போட்டோவுக்காகத்தான் ஜாடியைத் திறந்தாள்.

முப்பத்தேழை ஈரத்துணியால் மூடிவிட்டு, முப்பத்தெட்டாம் ஜாடியை இறக்கினாள். இடப்பக்கத்து மூன்றாம் கை நுனி இல்லை. சரி. அதற்குப் பக்கத்தில் இரண்டாம் கை. அதற்கும் நுனி இல்லை. ஒரே கத்தி, ஒரே சாய்வு. ஓர் ஆக்டோபஸிலிருந்து இரண்டு துண்டு எடுத்து, இரண்டு குழாயில் போட்டிருக்கிறான். எழுத்துகள் பொருந்தாமல் என்ன செய்யும்?

கப்பல் பதிவேட்டை எடுத்தாள். எண், இடம், ஆழம், துண்டு வெட்டிய தேதி, வெட்டியவர். முப்பத்தாறு வரை முந்தின நாள். முப்பத்தேழும் முப்பத்தெட்டும் ஒரே தேதி. அன்றைக்கு வேறொன்றும் வெட்டவில்லை.

அந்தத் தேதியை அவளுக்குப் பதிவேடு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அம்மா போன மறுநாள்.

அன்று கப்பல் தலைவர் தொலைபேசியில் சொன்னார்: "கரைக்கு வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்மா. இங்க இருந்துக்கிட்டு அவன் என்ன பண்ணப்போறான்? வந்ததும் சொல்லிக்கலாமே."

"மறைச்சா என்னை மன்னிக்க மாட்டான். இப்பவே சொல்லிடுங்க."

அரை மணி கழித்துத் தம்பியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'வேலை இருக்குக்கா. செஞ்சுக்கிட்டு இருக்கேன்.'

செய்துகொண்டிருந்த வேலை இதுதான். வெட்டிய ஆக்டோபஸையே மறுபடி எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறான். மூன்றாம் கை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருப்பது கண்ணில் பட்டிருக்கும், மனசில் பட்டிருக்காது. அடுத்ததை வெட்டியிருக்கிறான். கரைக்கு வந்தபின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். முன்னால் தட்டு, தட்டில் எட்டுக் கையோடு முப்பத்தேழு, பக்கத்தில் கத்தரி. இந்த ஜாடிகளை அவளைத் தவிர யாரும் திறப்பதில்லை. முப்பத்தேழின் மூன்றாம் கையில் ஒரு நுனியை நறுக்கிக் குப்பையில் போட்டால், விதிப்படி வெட்டிய ஆக்டோபஸ் ஆகிவிடும். போட்டோ பிரமாதமாக வரும். தம்பியின் பெயர் முதல் பக்கத்தில் வரும். கத்தரியைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, துடைத்து, டப்பாவில் போட்டாள். ஜாடிகளை மூடி அலமாரியில் ஏற்றினாள்.

வீட்டில் அப்பா அடுப்படியில் நின்றார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கரண்டியைக்கூட கியர் மாதிரிதான் பிடிப்பார்.

"என்னம்மா, அச்சாயிடுச்சா? கீழ்வீட்டு டெய்லர்கிட்ட சொல்லிட்டேன், என் பையன் பிடிச்ச ஆக்டோபஸ் பேப்பர்ல வரப்போகுதுன்னு. அந்த ஆளு, ஆக்டோபஸுக்கு எட்டுக் கை சட்டை தைக்க எவ்வளவு துணி ஆகும்னு கேக்கறான்."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, அன்னிக்குத் தம்பிகிட்ட உடனே சொல்லாம இருந்திருக்கணுமோ?"

அப்பா கிளறுவதை நிறுத்தினார். எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை.

"சொல்லாம விட்டிருந்தா, கரை இறங்கி, சிரிச்சுக்கிட்டே வந்து கதவைத் தட்டியிருப்பான். 'அம்மா எங்கே'ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்திருப்பான். அந்த மூஞ்சியை நான் எப்படிம்மா பார்த்திருப்பேன்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு ஜாடி, ஒரு தேதி, அவன் பெயர் முதல் பக்கத்தில் வராது என்பது. அப்பா அடுப்பை அணைத்தார்.

"மொத்தம் எத்தனை வெட்டினான்?"

"அறுபத்தொண்ணு."

"அறுபது சரியா இருக்கா?"

"அத்தனையும் இனி ஒண்ணு விடாம பார்க்கணும். இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"அம்மா செத்த சேதி கேட்ட அன்னிக்கு அவன் ஒண்ணு தப்பு பண்ணான்" என்றார் அப்பா. தட்டுகளை எடுத்து வைத்தார். மூன்று தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அடுக்கினார்.

மறுநாள் காலை அவள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். முப்பத்தேழைத் தவிர மற்ற ஜாடிகளை வரிசையாகத் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்து மூன்றாம் கை, விரல் நகம் அளவுக்கு, ஒரே சாய்வில் வெட்டியிருந்தது. அறுபதும் அப்படி. பிற்பகல் ஆகிவிட்டது. கடைசியாக முப்பத்தேழை எடுத்தாள். கத்தரியைச் சாராயத்தில் முக்கி, தீயில் காட்டி, ஆறவிட்டு, மூன்றாம் கை நுனியை வெட்டினாள். தம்பியின் சாய்வு அவள் கைக்கு வரவில்லை. துண்டைப் புதுக் குழாயில் போட்டு, பென்சிலால் எண் எழுதினாள்.

பதிவேட்டில் தப்பை அழிக்கும் வழக்கம் கிடையாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடிக்கோலை வைத்து, முப்பத்தேழின் வரியில் தம்பியின் பெயர், தேதி இரண்டின் மேலும் அவள் அந்தக் கோட்டை இழுத்தாள். பக்கத்தில் தன் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினாள். குறிப்பு என்ற கட்டத்தில், 'முதல் துண்டு 38இலிருந்து தவறாக எடுக்கப்பட்டது. மற்ற அறுபதும் சரிபார்க்கப்பட்டன, சரியாக உள்ளன' என்றும் எழுதினாள். காரணம் எழுதக் கட்டம் இல்லை.

பேராசிரியை படியிறங்கி வந்தாள். "அக்கா, போட்டோ ரெடியா? நாளைக்கு அனுப்பணும்."

"போட்டோ இல்லம்மா. இது இருக்கு." குழாயையும், திறந்த பக்கத்தோடு பதிவேட்டையும் நீட்டினாள்.

பேராசிரியை நின்றபடியே படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தாள். பக்கத்து முக்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம்க்கா" என்றாள்.

"தெரியும்மா."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

பேராசிரியை அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். அடியில் இருந்த பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். அந்தத் தேதியில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. கேட்க வாயெடுத்து, ஜாடியக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"சரி, குடுங்க" என்று கையை நீட்டினாள்.

ஜாடியக்கா குழாயின் மூடியை இன்னொரு முறை திருகி இறுக்கி, வெளியே ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்து, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.